எடைக்கல்

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஐந்துக்கே எழுந்துவிடுவேன். இரண்டு டிரம், ஒரு தவலை, இரண்டு வாளி. ஓர் ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம். ஆனாலும் எல்லாவற்றையும் நிரப்புவேன். எனக்கு முன்னால் தண்ணீர் பிடிப்பவள் அடுத்த அறை ஷரீஃபுன்னிசா. முடித்ததும் ரப்பர்க் குழாயைத் தரையில் போட்டுவிட்டுப் போவாள். கையில் தரமாட்டாள். பத்து மாதமாக என்னோடு பேச்சு இல்லை.

ஆறு மணிக்குப் பால் பூத். கார்டில் இரண்டு பாட்டில் என்று போட்டிருக்கிறது. இரண்டு காலி பாட்டிலைக் கொடுத்து இரண்டு பாட்டில் பால் வாங்குவேன். ஒன்று மாலைக்குள் திரிந்துவிடும். கொட்டிவிடுவேன். ஒரு பாட்டிலாகக் குறைக்க மனு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதவில்லை.

ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பேன். காபி. சவரம். குளியல். சட்டையை நானே இஸ்திரி போடுவேன். காலர் சரியாக வராது. எட்டு மணி ஏழு நிமிஷத்துக்குச் செம்பூர் ஸ்டேஷனில் ஆபீஸ் வண்டி. ஞாயிற்றுக்கிழமையும் இதே வரிசைதான், வண்டி மட்டும் கிடையாது.

நான் சொல்லப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்த செவ்வாய்க்கிழமையைப் பற்றியும். அறுபத்து நாலாம் வருஷம், செப்டம்பர். என் மனைவி தங்கமயில் அதற்கு முந்தைய நவம்பரில் இறந்தாள்.

மாதுங்காவில் தமிழர்கள் எங்களுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. பெயர் ஞாயிற்று ஏடு. மாதம் ஒன்று. ஒரே ஒரு பிரதி. ரயில்வேயில் வரைபடப் பிரிவில் இருந்த பிரம்மநாயகம் அண்ணாச்சி அச்சுப் போல எழுதுவார், படமும் போடுவார், பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு நூலால் தைப்பார். முதல் பக்கத்தில் பதினைந்து வீட்டுப் பெயர் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு நாள். படித்தவர் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசி எட்டுப் பக்கம் வெற்றாக இருக்கும், படித்தவர் கருத்து எழுத. அந்தப் பக்கங்களின் தலைப்பில் மாதாமாதம் சிவப்பு மசியில் ஒரே வாசகம்: “எழுதியதை அடிக்கக் கூடாது. கிழிக்கக் கூடாது.”

அந்த ஞாயிறு மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியறையில் கூட்டம். சந்திரமௌலி பேசினார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. ஏட்டில் மாதம் தவறாமல் கதை எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். தலைப்பு, “கதாபாத்திரங்களை அறிவது எப்படி?” பள்ளிக்கூட அறை என்பதால் கரும்பலகை இருந்தது. அதைக் கண்டால் அவருக்குக் குரல் ஏறிவிடும்.

“கதாபாத்திரங்கள் எத்தனை வகை? யாராவது சொல்லுங்கோ, பார்ப்போம்.”

“நல்லவன், கெட்டவன்,” என்றார் பின்வரிசையில் இருந்த வெங்கடராமன். “மீதிப் பேர் காபி கொண்டு வர்றவா.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“ஓய், உம்மை எந்த வகையிலேயும் சேர்க்க முடியாது,” என்றார் சந்திரமௌலி. பலகையில் கோடு கிழித்தார். ஒரு பக்கம் தலைமைப் பாத்திரம், மறுபக்கம் துணைப் பாத்திரம். அதற்குக் கீழே இன்னொரு கோடு. மாறுகிறவர், மாறாதவர். “காபி கொண்டு வர்றவாதான் துணைப் பாத்திரம். அவாளுக்குக் கதையிலே சொந்த வாழ்க்கை கிடையாது. வருவா, கொடுப்பா, போவா. தலைமைப் பாத்திரம் கதையைத் தூக்கிண்டு நடக்கிறவர். இதெல்லாம் சுலபம். கஷ்டம் இந்தக் கீழ் வரிசைதான்.”

சாக்பீஸை ‘மாறாதவர்’ மேல் தட்டினார்.

“கதை தொடங்கறச்சே எப்படி இருந்தாளோ முடியறச்சேயும் அப்படியே இருக்கிறவா. இப்போ இங்கிலீஷ் படிச்சவா எல்லாம் இதைத் தட்டைன்னு கேலி பண்றா. நான் ஒத்துக்க மாட்டேன். குத்துவிளக்கு மாறறதா? அது எரியறது, அவ்வளவுதான். இந்த மாசம் ஏட்டிலே என் கதை ‘வாய் திறக்காதவள்’ வந்திருக்கு. அதிலே கல்யாணின்னு ஒருத்தி. வயித்திலே வலி. மூணு நாள். ஆத்துக்காரர் வேலை கெட்டுப் போயிடும்னு ஒரு வார்த்தை சொல்லலை. பொறுத்துண்டா. பொறுத்துண்டே போயிட்டா. இப்படி ஒருத்தி நம்ம நடுவிலேயே இருந்தா. பேர் சொல்ல வேண்டாம்.”

பேர் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. தங்கமயில் இறந்த நாளிலிருந்து எனக்கு எதுவும் வந்ததில்லை. அழுகை இல்லை. தூக்கம் கெடவில்லை. அன்று ஏதோ வந்தது. அது கோபம் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எழுந்தேன்.

“அவ அப்படி இல்ல.”

“கல்யாணியைச் சொல்றேளா?”

“தங்கமயிலச் சொல்லுதேன்.”

“நம்பி, உட்காருங்கோ. நான் கதையைப் பத்திப் பேசிண்டிருக்கேன்.”

“நானும் கதையைப் பத்தித்தான் சார் பேசுதேன். உங்க கல்யாணி ஒரு எடைக்கல்.”

வெங்கடராமன் சிரித்துவிட்டு, பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று புரிந்து இருமினார்.

எடைக்கல் என்பது தங்கமயிலின் சொல். அவள் அப்பா பெரியநாயகத்துக்குத் தாராவியில் மளிகைக் கடை. எட்டாவது வரை படித்தாள், பிறகு கடையில் இருந்தாள். பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிப் போடும் பழைய பத்திரிகைகளைக் கட்டுவதற்கு முன் படித்துவிடுவாள். கிழிந்த தாள்கள். ஒரு கதையின் நடுப்பக்கம் இருக்கும், தொடக்கமும் முடிவும் வேறு யார் வீட்டுக்கோ மிளகாயோடு போயிருக்கும். அதனால் அவளுக்குக் கதையின் முடிவில் அக்கறை இல்லை. அந்த ஒரு பக்கத்தில் அந்த ஆள் என்ன செய்தான் என்றுதான் பார்ப்பாள். நான் பி.ஏ. படித்தவன். கதாபாத்திரங்களின் வகைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளுக்கு அதை விளக்கினேன். கேட்டுவிட்டு, “இதுக்கு காலேஜா?” என்றாள்.

“கடைக்கு வாரவுக மூணு தினுசு. ஒருத்தன் சில்லறை மாத்த மட்டும் வருவான். மாத்திக்கிட்டுப் போயிருவான். அவன வச்சுக் கதை ஓடாது, ஆனா அவனுக்கும் பஸ்ஸு பிடிக்கணும்லா, அவசரம் இருக்கும்லா, அதை எழுதணும். இன்னொருத்தன் உப்பு வாங்க வருவான், நிப்பான், முழிப்பான், சோப்பு வாங்கிட்டுப் போவான். அவன்தான் கதை.”

“மூணாவது?”

“அது ஆளே இல்ல. எடைக்கல்லு. அரைக் கிலோன்னு மேல எழுதியிருக்கும். காலையிலயும் அரைக் கிலோ, சாயந்திரமும் அரைக் கிலோ. அது வேணும்தான், இல்லாட்டி எத வச்சு நிறுக்க? ஆனா எடைக்கல்லையே பொட்டலம் கட்டிக் குடுத்தா எவன் வாங்குவான்?”

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. “அந்தக் கதைய எடுத்திருங்க” என்று மட்டும் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். கீழே தெருவில் போனவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

“எடுக்கப்படாதுல்லா, நம்பி,” என்றார் பிரம்மநாயகம் அண்ணாச்சி. “தச்சாச்சு. ஒரே பிரதி. நம்ம சட்டம் ஒமக்குத் தெரியாதாவே?”

கூட்டம் கலைந்தது. சந்திரமௌலி என் பக்கத்தில் வந்தார். விரலில் சாக்பீஸ் தூள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

“நான் எதைத் தப்பா எழுதிட்டேன், சொல்லுங்கோ. பதினாறாம் நாள் உங்காத்துக்கு வந்தேன். உங்க மாமனார் பக்கத்திலே இருந்தார். நீங்கதானே சொன்னேள், ‘ஒரு வார்த்தை சொல்லலை சார், தாங்கிக்கிட்டா’ன்னு. கடைசியா என்ன சொன்னாள்னு கேட்டேன். ‘அப்பாவைப் பார்த்துக்கிடுங்க’ன்னு சொன்னதாச் சொன்னேள். ரெண்டையும் அப்படியே எழுதினேன். ஒரு கமா கூட மாத்தலை.”

அவர் சொன்னது சரி.

“துக்கம்,” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிரம்மநாயகம் அண்ணாச்சி பீரோவைத் திறந்தார். பழைய ஏடுகள் அதில்தான் இருக்கும். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“ஒம்ம பொண்டாட்டி கையெழுத்து இருக்கு. இருந்து பாத்துட்டுப் போரும். கோவத்தோட பஸ்ஸு ஏறாதேயும்.”

போன வருஷ ஜூலை. கருத்துப் பக்கம். எல்லாரும் ‘மிக அருமை’, ‘கண்ணீர் வந்தது’ என்று எழுதியிருந்தார்கள். நடுவில் அவளுடைய உருண்டைக் கையெழுத்து.

“சந்திரமௌலி சார் கதையில் வரும் லட்சுமி நாலு பக்கமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் வலிக்காதா? உட்காரச் சொல்ல அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லையா? தங்கமயில், செம்பூர்.”

அதற்குக் கீழே சந்திரமௌலி: “லட்சுமி போன்ற பெண்களுக்குத் தங்கள் வலி தெரியாது.”

ஏடு சுற்றி முடிந்து மறுபடி எங்களிடம் வந்திருக்க வேண்டும், அதற்கும் கீழே அவள்: “அப்படியானால் இரண்டு தூண்கள் நின்றன என்று எழுதியிருக்கலாம்.”

அதற்கு அவர் பதில் எழுதவில்லை. அவள் உயிரோடு இருந்தபோது அவளிடம் தோற்றவர். இறந்த பிறகு அவளையே தூணாக்கி நிறுத்திவிட்டார். தூணுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கொடுத்தவன் நான்.

இந்த மாத ஏட்டில் முதல் பெயர் என்னுடையது. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் பெயருக்கு அடுத்த பெயர், பெரியநாயகம், மளிகைக் கடை, தாராவி.

வீட்டில் உட்கார்ந்து படித்தேன். பதினொரு பக்கம். நன்றாகத்தான் எழுதியிருந்தார். கல்யாணி வலியோடு தோசை வார்க்கிறாள். கல்யாணி வலியோடு கோலம் போடுகிறாள். எங்கள் சாலில், அந்த ஒற்றை அறைகளின் வரிசையில், கோலம் போட இடமே கிடையாது. கணவன் மாலையில் வந்ததும் சிரிக்கிறாள். கணவனுக்குச் சந்தேகம் வந்து கேட்கிறான், அவள் இல்லை என்று தலையாட்டுகிறாள். மூன்றாம் நாள் கணவன் மனசு கேட்காமல் லீவு போட்டு வீட்டில் இருக்கிறான். அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறான். என்னை அவ்வளவு நல்லவனாக எழுதியிருந்தார்.

நடந்தது வேறு.

திங்கட்கிழமை சாயந்திரம் வயிறு வலிக்கிறது என்றாள். வாயு என்றேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னாள். வலப்பக்கம் குத்துகிறது, டாக்டரிடம் போக வேண்டும், லீவு போடுங்கள் என்றாள். எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அதுவரை ஒருநாள் கூட லீவு எடுக்கக் கூடாது என்று நானாக வைத்திருந்தேன். ஆபீசில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. செவ்வாய் மாலையும் சொன்னாள். புதன்கிழமை, “அப்பாவையாவது வரச் சொல்லுங்க” என்றாள். போகிற வழியில் தாராவியில் இறங்கிச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாமே போவோம் என்றேன். “சும்மா சொல்லிட்டே இருக்காத” என்றும் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். அவள் தோசைக்கல்லை என் பக்கம் தள்ளிவிட்டு, “நீங்களே சுட்டுத் தின்னுங்க” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு ஏழு வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஷரீஃபுன்னிசா உள்ளே வந்தாள். மூன்று நாளாகச் சுவர் வழியாக முனகல் கேட்டுக்கொண்டிருந்தவள். முதல்நாளே என்னிடம், “அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ” என்று இந்தியில் சொன்னவள். தங்கமயிலின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த டிபன் டப்பாவைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

“ஆத்மி ஹை கி பத்தர்?” என்றாள். நீ மனுஷனா, கல்லா?

ஷரீஃபுன்னிசா என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. அவள்தான் ஓடிப்போய் டாக்ஸி கொண்டுவந்தாள். பின் சீட்டில் தங்கமயிலின் தலை அவள் மடியில் இருந்தது. என் மடியில் இல்லை. நான் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். வழியில் தங்கமயில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒன்று சொன்னாள். ஷரீஃபுன்னிசாவுக்குத் தமிழ் தெரியாது. டிரைவர் மராத்திக்காரர். அதற்குப் பிறகு தங்கமயிலுக்குப் பேச்சு இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. குடல்வால் வெடித்து ஒருநாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தங்கமயிலின் அப்பா, என் மாமா, கடைச் சட்டையோடு ஓடிவந்தார். முழங்கை வரைக்கும் மாவு. ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடியே சொல்லலியா மாப்ளே? ஒரு வார்த்த சொல்லலியா?” என்றார்.

“சொல்லவே இல்ல மாமா. தாங்கிக்கிட்டா.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. ஒரு தடவை சொன்ன பிறகு எல்லாரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. பதினாறாம் நாளுக்குள் எனக்கே மனப்பாடம்.

ஞாயிறு பிற்பகல் ஸ்டவ்வை ஏற்றினேன். அந்தப் பதினொரு பக்கத்தையும் தீயில் காட்டிவிடுவது என்று இருந்தேன். சட்டமாவது ஒன்றாவது. அட்டையைப் பிரித்தேன். பிறகு அடுத்த பெயரைப் பார்த்தேன். மாமா ஏடு எங்கே என்று கேட்பார். அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இன்னொரு பொய். அடுப்பை அணைத்தேன். ஏட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். மறுபக்கத்திலிருந்து ஷரீஃபுன்னிசா சுவரைத் தட்டினாள், சத்தம் போடாதே என்று.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது தாராவிக்குப் போனேன். ஆறு மணி இருக்கும். கடையில் கூட்டம் இல்லை.

“வாங்க மாப்ளே. எளச்சுட்டியளே. இருங்க, டீ சொல்லுதேன்.” எதிர்க் கடையைப் பார்த்து, “ஏ பாய், தோ ச்சாய்!” என்று கத்தினார். மர ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “போன வாரம் சோறு குடுத்துவிட்டேனே, தூக்குச்சட்டிய அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிய. திங்காம கிடந்தா யாரு பாக்க? எனக்கு இனிமே பிள்ளைன்னா நீங்கதான்.”

ஏட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“மௌலி ஐயரு நம்ம பிள்ளயப் பத்தி எழுதியிருக்காராமே. கடைக்கு வந்த பிரம்மநாயகம் அண்ணாச்சி சொன்னாவ.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். இடையில் ஒரு பெண் பருப்புக்கு வந்தாள். நிறுத்துக் கொடுத்துவிட்டு விட்ட வரியிலிருந்து தொடங்கினார். டீ வந்து ஆறிப்போயிற்று. நான் கல்லாவுக்கு மேலே பார்த்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் தங்கமயிலின் படம் மாட்டியிருந்த இடம். கல்யாணத்துக்கு முன் எடுத்தது. படம் இல்லை. ஆணியில் கடைச் சாவி தொங்கியது.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்காரு. எல்லாரும் மெச்சுவாங்க.”

“படம் எங்க மாமா?”

“உள்ள வச்சுட்டேன்.”

“ஏன்?”

“பாக்கப் பாக்க ஆத்திரமா வருது மாப்ளே.” தராசுத் தட்டைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த தட்டு. “ஊருக்கு அவ பொறுமசாலி. எனக்கு? செம்பூரு எவ்வளவு தூரம்? ஒரு டாக்ஸி. எங்கப்பாவைக் கூப்பிடுங்கன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா நான் வரமாட்டேனா? கடையப் போட்டது போட்டபடி வருவேன்லா? எங்கிட்ட மட்டும் என்ன வாய் பேசுவா! அரிசில கல்லுன்னு ஒருத்தி வந்தா அவளுக்கு முன்னாடி இவ எங்கூடச் சண்டைக்கு வருவா. சாகும்போது அந்த வாய் எங்க போச்சு? எம்மேல நம்பிக்கை இல்லாமத்தான சொல்லாமப் போனா? அப்பன் வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்னுதான? பத்து மாசமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அவ படத்தப் பாத்து வையிதேன் மாப்ளே. செத்த பிள்ளைய வையிதேன். வைய முடியாமத்தான் கழட்டி வச்சேன்.”

ஒருவன் வந்து சில்லறை கேட்டான். மாமா இல்லை என்று கையை ஆட்டினார். அவன் அவசரமாக அடுத்த கடைக்கு ஓடினான். பஸ்ஸாக இருக்கும்.

அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் எடைக்கற்கள் பெரிதிலிருந்து சின்னதாக வரிசையாக இருந்தன. எல்லார் கோபமும் தப்பான ஆள் மேல் இருந்தது. நான் சந்திரமௌலி மேல் கோபப்பட்டேன். மாமா அவள் மேல் கோபப்பட்டார். கோபப்பட வேண்டிய ஆளுக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

அந்த டீயைக் குடிக்கவில்லை.

“மாமா, பேனா இருக்கா?”

“கருத்து எழுதப் போறியளா? எழுதுங்க, எழுதுங்க. நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்.” கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிப்பைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். எழுதியதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. இன்னும் யாரும் எழுதவில்லை. எனக்குப் பிறகு பதினான்கு வீடு. மாதுங்கா முழுக்கப் படிக்கும். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் படிக்கப்போகிறவர் எதிரில் துவரம்பருப்பைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் சோறு அனுப்புவதை நிறுத்திவிடுவார். மாப்ளே என்று இனிக் கூப்பிட மாட்டார். இந்தக் கடைக்குள் நான் வருவது இதுதான் கடைசி. அந்தப் படம் ஆணிக்குத் திரும்பி வரும்.

வேகமாக எழுதினேன். அழகாக எழுத முயலவில்லை. திங்கள் மாலை சொன்னாள். செவ்வாய் காலை சொன்னாள், செவ்வாய் மாலை சொன்னாள். புதன்கிழமை அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். நான் போகவில்லை. கூப்பிடவில்லை. சொல்லவே இல்லை என்று நான் சொன்னது பொய். ‘அப்பாவைப் பார்த்துக்கிடுங்க’ என்று அவள் சொன்னதாக நான் சொன்னதும் பொய். கல்யாணி என்று ஒருத்தி இருந்திருக்கலாம், தங்கமயில் வாய் திறந்தவள். டாக்ஸியில் அவள் என்னிடம் சொன்னது இது. அதையும் அவள் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நம்பிராஜன், செம்பூர்.

ஏட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எழுந்து நின்றேன். ஓடிவிடலாம் என்று இருந்தது. நின்றேன்.

மாமா கையைத் தட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டினார். முதல் வரியில் விரல் வைத்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. புதன்கிழமைக்கு வந்ததும் விரல் நின்றது. அந்த வரியை இரண்டு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் மறுபடி நகர்ந்தது. கடைசி வரிக்கு வந்தபோது வாய்விட்டே படித்தார், எழுத்து எழுத்தாக, கடைக்கு வந்து நின்ற பெண்ணுக்கும் கேட்கும்படி, தன் மகள் பேசுகிற அதே இழுப்போடு:

“மூணு நாளா சொல்லுதேன்லா. இப்பதான் லீவு கிடைச்சுதோ?”